நாற்றமும் நல்வாழ்வும்

‘நாற்றம்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்த கதியைத் தமிழ் பயின்ற எவரும் அறிவர். முன்னாளில் அது நறுமணத்தைக் குறித்தது. பூவுக்கு நாற்றம் உண்டு என்றால் அது பூவுக்குச் செய்த பெருமை. இந்நாளிலோ, விருந்துக்கு வந்தவர் ‘உங்கள் வீட்டில் நாற்றம்’ என்று சொல்லிவிட்டால் மறு விருந்துக்கு அவரை அழைக்கமாட்டோம்! உயர்ந்த பொருளில் வழங்கிய சொல் தாழ்ந்த பொருளுக்கு இறங்குவதை ‘இழிபொருட்பேறு’ என்பர் மொழிநூலார். தேர்வுத் தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்கு அதை எழுதுகிறோம், எழுதியதும் மறந்துவிடுகிறோம்.

சொல் இழிந்ததற்கு இலக்கணத்தில் பெயர் இருக்கிறது. ஊர் இழிந்ததற்கு என்ன பெயர்? உப்புக் காற்றும் ஓதச் சேறும் கண்டல் மரமும் மணத்த ஒரு நிலம், சாக்கடையும் புகையும் நாறும் இடமாக மாறியதற்கு எந்த நூலில் விதி எழுதியிருக்கிறது? நான் ஆண்டாப் ஹில்லில் வாழ்பவன். அந்த ஊர்க்காரன் என்ற உரிமையில் இந்த வினாவை மன்றத்துத் தோழர்கள் முன் வைக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இயற்கையின் மணம் செல்வர் வீட்டுத் தோட்டத்துக்கு மட்டும் உரிய அணிகலனாக இருத்தல் ஆகாது. நல்ல நீரைப் போல, வெளிச்சத்தைப் போல, அது மனித உடலுக்கும் உள்ளத்துக்கும் வேண்டிய பொருள். நீரைப் பங்கிட்டுத் தரவேண்டியது நகராட்சியின் கடமை என்றால், மணத்தைப் பங்கிட்டுத் தருவதும் அதன் கடமையே. அதைக் கேட்டுப் பெறுவது நம் உரிமை.

“மணம் என்ன, மாத்திரையா? மூக்குக்கு இனிமை, அவ்வளவுதானே?” என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்காக மூக்கின் பெருமையைச் சிறிது பேசவேண்டும்.

மூக்கு என்னும் வாயில்

உயிர்களை அறிவின் அளவால் ஆறு வகையாகப் பகுத்தார் தொல்காப்பியர். தொடுதல் முதல் அறிவு; சுவைத்தல் இரண்டாவது; முகர்தல் மூன்றாவது. கண்ணும் செவியும் அதன் பின்னரே வருகின்றன. பார்ப்பதற்கும் கேட்பதற்கும் முன்னே முகர்வதை வைத்தார் அப்பெரியார்.

இன்றைய அறிவியல் மூக்கின் வாயிலைத் திறந்து பார்த்திருக்கிறது. அமெரிக்க அறிஞர்களான ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகிய இருவரும் முகர்வுக்குரிய ஏற்பிகளின் மரபணுக்களைக் கண்டு 1991இல் வெளியிட்டனர். 2004இல் நோபல் பரிசு பெற்றனர். மனித மூக்கில் ஏறத்தாழ 400 வகை ஏற்பிகள் உள்ளன. காட்சியும் ஒலியும் மூளையின் நடுவே ‘தலாமசு’ என்னும் நிலையத்தில் நின்று, இறங்கி, மாறித்தான் மேலே செல்கின்றன. மணமோ தாதரில் நிற்காத விரைவு வண்டி! அச்சமும் மகிழ்ச்சியும் பிறக்கும் பகுதிக்கும் நினைவைச் சேர்த்து வைக்கும் பகுதிக்கும் அது நேரே போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனாலன்றோ, மாட்டுங்காச் சந்தையில் ஒரு முழம் மல்லிகையை முகர்ந்ததும், ஊரில் உள்ள பாட்டியின் முகம் நினைப்பதற்கு முன்னே வந்து நிற்கிறது!

மணத்தை இழந்தவர் பட்ட பாட்டையும் நாம் கண்ணாரக் கண்டோம். 2020இல் கொரோனாப் பெருந்தொற்று பரவியபோது எத்தனையோ பேர் முகரும் ஆற்றலை இழந்தனர். காய்ச்சல் போயிற்று, இருமல் போயிற்று, மணம் மட்டும் திரும்பவில்லை என்று வருந்தியவர் பலர். சோறு மண்ணாயிற்று, குழந்தையின் உச்சி முகர்ந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, உள்ளம் சோர்ந்தது. இருக்கும்போது எண்ணாத ஒன்றின் அருமையை இழந்தபோது உணர்ந்தனர்.

மண்ணும் மரமும் தரும் மருந்து

சூன் மாதத்து முதல் மழை மும்பையில் இறங்கும் நாளை எண்ணிப் பாருங்கள். அந்த மண்வாசனைக்கு மயங்காதார் யார்? அதற்கு அறிவியலில் ஒரு பெயரிட்டவர்கள் ஆத்திரேலியாவின் இசபெல் ஜாய் பேர், ரிச்சர்டு தாமசு என்னும் இரு ஆய்வாளர்கள். 1964இல் அவர்கள் சூட்டிய பெயர் ‘பெட்ரிகோர்’. ஆனால் உத்தரப் பிரதேசத்துக் கன்னோசி நகர மக்கள் அதற்கு வெகு காலம் முன்பே சுட்ட களிமண்ணைக் கொதிகலத்தில் இட்டு, அதன் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கி, மழையின் மணத்தைச் சீசாவில் அடைத்து விற்று வந்தனர்! பெயர் தெரியாதவர்களுக்குப் பொருள் தெரிந்திருந்தது.

அந்த மணத்தில் பெரும்பங்கு ‘சியோசுமின்’ என்னும் பொருளுக்கு உரியது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் அதை ஆக்குகின்றன. இலட்சம் கோடிப் பங்கில் சில பங்கு கலந்திருந்தாலும் மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். மண்ணின் உயிர்ப்பை அறிவதில் மூக்கு இவ்வளவு கூர்மை பெற்றிருப்பது எண்ணி வியக்கத்தக்கது. இதில் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மணம் வர மழை மட்டும் போதாது, மண் வேண்டும். சிமெண்டுத் தரையில் பெய்த மழை சாக்கடைக்குப் போகிறது. மணம் எங்கிருந்து வரும்?

மரத்தின் மூச்சைப் பற்றி ஜப்பானியர் நெடிது ஆய்ந்திருக்கின்றனர். 1982இல் அந்நாட்டு வனத்துறை ‘காட்டுக் குளியல்’ என்னும் பழக்கத்தை மக்களுக்கு அறிமுகப்படுத்தியது. காட்டில் நடந்து, நின்று, மூச்சு வாங்கித் திரும்பவேண்டும், நீரில் குளிக்கவேண்டியதில்லை. மரங்கள் வெளியிடும் ஆவிப்பொருள்கள் உடலுக்கு என்ன செய்கின்றன என்று குயிங் லீ என்னும் மருத்துவ அறிஞர் ஆராய்ந்தார். 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 12 ஆண்களை நகரத்து விடுதியிலேயே 3 இரவுகள் தங்கவைத்து, அறையில் இனோக்கி மரத்தின் எண்ணெயை ஆவியாக்கினர். நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களின் செயல் பெருகிற்று. மன அழுத்தத்தைக் காட்டும் சுரப்புகள் குறைந்தன. 2018இல் ஜப்பானின் ககோசிமாப் பல்கலைக்கழகத்தார், மல்லிகையிலும் இருக்கின்ற ‘லினலூல்’ என்னும் மணப்பொருளை எலிகள் முகரும்படி செய்தனர். எலிகளின் பதற்றம் தணிந்தது. முகரும் ஆற்றல் இல்லாத எலிகளிடம் அந்தப் பயன் காணப்படவில்லை. அமைதி மூக்கின் வழியே சென்றது என்பதற்கு இது சான்று.

பன்னிரண்டு பேரும் சில எலிகளும் உலகம் ஆகிவிடமாட்டார்கள். மல்லிகை முகர்ந்தால் மருத்துவரிடம் போகவேண்டாம் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள். நான் சொல்வது அதுவன்று. இயற்கையின் மணம் மனித உடலைத் தொடுகிறது, உள்ளத்தை அசைக்கிறது, இதை மறுக்க இயலாது என்ற அளவே என் வாதத்துக்குப் போதும்.

எங்கள் ஊர் நெய்தல் நிலம்

நிலத்துக்குச் செடியின் பெயரையும் பூவின் பெயரையும் இட்டவர் நம் முன்னோர். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என அவர்கள் பகுத்த வரிசையில் ஆண்டாப் ஹில்லை எங்கே வைப்பது? ‘ஹில்’ என்றதும் குறிஞ்சி என்று எண்ணிவிடாதீர்கள்! சந்தேகமின்றி அது நெய்தல். கிழக்கே கழி, கழியோரத்தில் கண்டல், வடாலாப் பக்கம் உப்பளம் இருந்ததற்குச் சான்றாகச் ‘சால்ட் பான் சாலை’ என்னும் பெயர், வடக்கே மீனவர் குடியான கோலிவாடா. ‘கோக்ரி ஆகர்’ என்று எங்கள் பகுதியில் ஓரிடம் உண்டு. ‘ஆகர்’ என்றால் இந்தக் கரையோர மக்களின் மொழியில் உப்பளம். தூத்துக்குடியிலிருந்து வந்த தமிழனுக்கு ‘அளம்’ என்று சொன்னால் அக்கணமே விளங்கிவிடும்.

இந்நிலத்தின் இயல்பான மணத்தைச் சிலர் தீநாற்றம் என்று எண்ணுகின்றனர். ஓதம் வற்றியபின் கண்டல் சேற்றிலிருந்து அழுகிய முட்டை போன்ற வாடை எழும். காற்றுப் புகாத சேற்றில் நுண்ணுயிர்கள் உதிர்ந்த இலையைச் சிதைப்பதால் வரும் வாடை அது. அந்தச் சேற்றில்தான் நண்டும் இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. கோலி மீனவர் அதை முகர்ந்து முகம் சுளிப்பதில்லை. உயிர் நடக்கும் இடத்தின் வாடை அது என்று அவருக்குத் தெரியும்.

மணத்துக்கும் நாற்றத்துக்கும் உள்ள எல்லை எத்துணை மெல்லியது என்பதற்கு மல்லிகையே சான்று. மல்லிகை மணத்தில் கலந்திருக்கும் பொருள்களுள் ‘இண்டோல்’ என்பதும் ஒன்று. அதே இண்டோல் மலத்திலும் இருக்கிறது! சிறிதளவு இருந்தால் பூவின் மயக்கம்; மிகுந்தால் கழிவின் குமட்டல். பொருள் ஒன்றே, அளவும் இடமும் வேறு. எங்கள் ஊருக்கு நேர்ந்ததும் இதுவே. ஓதநீர் வந்து போகும் வழியை அடைத்து, வீட்டுக் கழிவையும் பட்டறைக் கழிவையும் நெகிழிப் பையையும் அதே கழியில் கொட்டினால், சேறு தன் வேலையைச் செய்ய இயலாமல் திணறுகிறது. நிலம் நாறவில்லை, தோழர்களே! நிலத்தின் மேல் நாம் சுமத்திய அளவு நாறுகிறது.

தண்டவாளத்தின் இரு புறம்

ஹார்பர் தண்டவாளத்துக்கு மேற்கே சென்று பாருங்கள். மாட்டுங்காவில் ஐந்து தோட்டம் என்று பெயர் பெற்ற பூங்காக்கள். அவற்றைச் சூழ்ந்த பார்சி குடியிருப்பு. தெருவை மூடிய நிழல். 1896இல் பம்பாயில் பிளேக்கு நோய் பரவியது. அதன் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு அறக்கட்டளை தோன்றி, தாதர், மாட்டுங்கா வெளிகளில் அகன்ற சாலையும் காற்றோட்டமும் மரமும் உள்ள மனைகளை வகுத்தது. ஏறத்தாழ நூறாண்டுக்கு முன் போட்ட திட்டத்தின் நிழலில் இன்றும் அங்குள்ளோர் நடக்கின்றனர். வாழ்க அவர்கள்! எனக்குப் பொறாமை இல்லை. அதே தண்டவாளத்துக்குக் கிழக்கே, நடந்து செல்லும் தொலைவில், பத்தடிச் சந்தில் வாழும் பிள்ளைக்கு மகிழம்பூ எப்படி மணக்கும் என்பதே தெரியவில்லையே என்பதுதான் என் கவலை.

இலண்டன் மாநகரத்தின் கதை ஒன்று இங்கே பயன்படும். 1858ஆம் ஆண்டுக் கோடையில் தேம்சு ஆறு தாங்கமுடியாதபடி நாறியது. அதற்கு முன்பும் நாறிக்கொண்டுதான் இருந்தது, ஏழைகள் முகர்ந்தனர், எவரும் கேட்கவில்லை. அந்தக் கோடையில் ஆற்றங்கரையிலிருந்த நாடாளுமன்றத்துக்குள்ளேயே நாற்றம் புகுந்துவிட்டது. சில வாரங்களில் சட்டம் நிறைவேறிற்று, நிதி கிடைத்தது, பேசல்கெட் என்னும் பொறியாளர் பெரும் கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்டினார். தீநாற்றமே நோயைத் தருகிறது என்று அந்நாளில் பலர் நம்பினர். அந்த நம்பிக்கை பிழை. கழிவு கலந்த நீரே காலராவைப் பரப்பியது. ஆயினும் கழிவு அகன்றதால் நோயும் குறைந்தது. கதை கற்பிக்கும் பாடம் என்ன? ஆள்வோர் மூக்கை எட்டிய நாற்றம் ஒழிகிறது. எட்டாத நாற்றம் நிலைக்கிறது!

‘பழகிவிட்டது’ என்னும் பகை

எங்கள் தெருவில் எவரைக் கேட்டாலும் “பழகிவிட்டது” என்பார்கள். என் தாயும் அதையே சொல்வார். உண்மைதான், மூக்கு விரைவில் பழகும். எப்போதும் இருக்கும் வாடையை மூளை ஒதுக்கிவிடும். ஆனால் மூக்கு பழகுவதும் நுரையீரல் பழகுவதும் ஒன்றா? சாக்கடைக் குழியில் திரளும் ஹைட்ரசன் சல்பைடு என்னும் நச்சு வளி, சிறிதளவில் அழுகிய முட்டையாய் நாறி எச்சரிக்கும். அளவு மிகுந்தால் முதலில் முகரும் ஆற்றலையே முடக்கிவிடும். நாற்றம் நின்றுவிட்டது என்று நினைத்த கணத்தில் உயிர் போகும். கையால் கழிவகற்றும் வேலையைத் தடுக்க 2013இல் சட்டம் வந்த பின்னும் குழிக்குள் இறங்கி மாண்டவர் உண்டு. மூக்கு அடங்கினால் ஆபத்து அடங்கியது என்று பொருளன்று.

செம்பூருக்கு அப்பால் மாகுல் பகுதி மக்கள் ‘பழகிவிட்டது’ என்று சொல்ல மறுத்தனர். எண்ணெயும் வேதிப்பொருளும் சேமிக்கும் கிடங்குகளின் வாடையைப் பற்றி 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டனர். 2015இல் அவர்கள் குறையில் உண்மை உண்டு என்று தீர்ப்பாயம் ஏற்றது. முகர்ந்த மூக்கே முதற் சாட்சி ஆயிற்று! கண்டல் காடுகளை அழிக்க மும்பை உயர் நீதிமன்றம் 2005இல் தடை விதித்தது. 2018இல் அளித்த இறுதித் தீர்ப்பில், அவற்றை அழிப்பது மக்களின் வாழ்வுரிமையையே மீறுவதாகும் என்று கூறிற்று. ஆகவே மணத்தை நான் உரிமை என்று கூறுவது கற்பனையும் அன்று, கவிதையும் அன்று.

இரண்டு மறுப்புகள்

“குடிக்க நீரும், கழிக்க இடமும், படுக்க வீடும் இல்லாதவனுக்கு மணம் ஒரு கேடா?” என்று கேட்போர் உண்டு. நேர்மையான கேள்வி. என் விடை இது. மூடிய சாக்கடை இருந்தால் நாற்றம் போகும். திறந்த மண் இருந்தால் மழைநீர் இறங்கும், மணம் வரும். மரம் இருந்தால் வெயில் தணியும், பூ மணக்கும். நீரும் வடிகாலும் நிழலும் வேறு, மணம் வேறு என்று இல்லை. நல்ல வடிகால் உள்ள தெருவே நல்ல மணம் உள்ள தெரு. தாராவி மக்களுக்கு வீடு கட்ட, நகரின் கிழக்கு ஓரத்து உப்பள நிலங்களில் ஏறத்தாழ 256 ஏக்கரைப் பெற 2024இல் மாநில அமைச்சரவை முடிவு செய்தது. வீடு வேண்டும், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஏழைக்கு வீடா, ஊருக்கு உப்பளமா என்று இரண்டையும் மோதவிடுகிறார்களே, அதுதான் எனக்குப் புரியவில்லை. பணக்காரன் வீடு கட்டும்போது அவனுடைய வீடும் தோட்டமும் மோதிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை!

இரண்டாவது மறுப்பு வாயால் சொல்லப்படுவதில்லை, முகத்தால் சொல்லப்படுகிறது. “எங்கே குடியிருக்கிறாய்?” என்று கேட்டு, “ஆண்டாப் ஹில்” என்றதும் சுருங்கும் மூக்கைச் சொல்கிறேன். நாற்றம் நடுவே வாழ்வோரை நாற்றத்துக்கே உரியோர் என்று எண்ணுவது இந்த நாட்டின் பழைய நோய். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தாராவித் தோல் பதனிடும் தொட்டிகளில் உழைத்த நம் முன்னோர், தம் உடலில் அந்த வாடையைச் சுமந்து, பிறர் காலுக்குச் செருப்பு தந்தனர். செருப்பை அணிந்தவன் செய்தவனைக் கண்டு மூக்கைப் பொத்தினான்! கழிவைக் கொட்டியவன் மணக்கிறான். அதை அள்ளியவன் நாறுகிறான் என்றால், இழிந்தது எந்தப் பொருள் என்பதை மொழிநூலாரே சொல்லட்டும்.

மாணவர் செய்யத் தக்கன

பேச்சோடு நிற்கலாகாது. மூன்று வேலைகளை முன்மொழிகிறேன்.

முதலாவது, மூக்கின் நாட்குறிப்பு. ஆண்டாப் ஹில், தாராவி, கோலிவாடா, செம்பூர் பகுதிகளில் வாழும் நம் மன்றத்தார் பலர். எந்த நாள், எந்த நேரம், எந்தத் திசைக் காற்றில் என்ன வாடை என்பதை ஓராண்டு குறித்து வைப்போம். செலவு ஒரு நோட்டுப் புத்தகம். முறையீடு என்று வரும்போது, தேதியிட்ட குறிப்புக்கு ஆயிரம் முழக்கத்தை விட மதிப்பு மிகுதி.

இரண்டாவது, மரம். கண்டதை நடவேண்டாம். ஏழிலைப்பாலையைப் பல நகரங்களில் வரிசையாக நட்டனர். பூக்கும் பருவத்தில் அதன் கனத்த மணத்தால் தலைவலி என்று மக்கள் முறையிட்டனர். இயற்கை என்பதாலேயே எல்லாம் இதமாகிவிடாது. மகிழம், புன்னை, செண்பகம், பவழமல்லி, வேம்பு ஆகியவை இந்த மண்ணும் மராத்தியரும் அறிந்த மரங்கள். அண்டை வீட்டு மராத்தியத் தாயிடம் ‘பகுள்’ என்று சொன்னால் மகிழம் என்று அவருக்கு விளங்கும், நட்பும் மலரும். நட்ட மரத்தின் அடியைச் சிமெண்டால் பூசவும் விடக்கூடாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் மண்ணைத் திறந்துவைக்க வேண்டும் என்று 2013இல் தில்லி நகருக்குப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டது. தில்லி மரத்துக்கு வேண்டிய மூச்சு மும்பை மரத்துக்கும் வேண்டுமன்றோ?

மூன்றாவது, குழந்தைகள். ஞாயிறுதோறும் நம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கணக்கும் ஆங்கிலமும் கற்பிக்கும் நண்பர்கள் நம்மிடையே உண்டு. மாதம் ஒருநாள் அவர்களைக் கழியோரம் அழைத்துச் செல்லட்டும். கண்டல் இலையைக் கசக்கி முகரக் கற்றுக்கொடுக்கட்டும். சேற்றின் வாடையையும் சாக்கடையின் வாடையையும் பிரித்தறியும் பிள்ளை, நாளை தன் தெரு நாறும்போது ‘பழகிவிட்டது’ என்று சொல்லமாட்டான், ‘ஏன்?’ என்று கேட்பான்.

தோழர்களே, நாம் பிறந்த மொழியில் நாற்றம் என்பது நல்ல சொல்லாக இருந்தது. சொல்லை மீட்கப் புலவர் போதும். பொருளை மீட்க நகரத்தார் அனைவரும் வேண்டும். அடுத்த மழைக்காலத்துக்குள் ஆண்டாப் ஹில்லின் ஒரு தெருவிலேனும் பத்து மகிழம் கன்றுகள் நிற்கவேண்டும் என்பது என் விருப்பம். குழி தோண்ட மண்வெட்டி என்னிடம் இருக்கிறது. கை கொடுக்க வருவோர் மன்றச் செயலாளரிடம் பெயர் தருக.